மோட்டார் ரூம் இல்லாத பாலாறு

பாலாற்றைப் பென்சிலில் வரைவதில் ஒரு வசதி உண்டு. தாளை அப்படியே வெள்ளையாக விட்டுவிட்டால் முக்கால்வாசி ஆறு முடிந்த மாதிரி. எல்லாம் மணல். தொல்லையும் அதுவேதான். நான் படத்தை முடித்து, கீழே கையெழுத்தும் போட்டு, தள்ளி நின்று ரசித்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் வருகிறவர், "எப்ப சார் ஆரம்பிக்கப் போறீங்க?" என்பார்.

நான் செங்கல்பட்டில் ஓர் இன்ஜினீயர் ஆபீசில் வீட்டு பிளான் போடுகிறவன். இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஈசானிய மூலையில் பூஜை அறை, அக்கினி மூலையில் சமையல்கட்டு, மாடிப்படிக்குக் கீழே கக்கூஸ் வைக்கலாமா கூடாதா என்ற பஞ்சாயத்து, இவைதான் என் உலகம். கோடு கொஞ்சம் கோணினால் எனக்கு உடம்பெல்லாம் கூசும். இப்படிப்பட்ட கை ஆற்றை வரைந்தால் எப்படி இருக்கும்? கரை காம்பவுண்டு சுவர் மாதிரி வரும். நாணல் கம்பிவேலி மாதிரி வரும். ஒருமுறை மேகம் போட்டேன். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி வந்தது, குழாய் ஒன்றுதான் பாக்கி.

அப்புறம் ஏன் ஆறு என்றால், கோயில் எனக்கு வராது. மாமல்லபுரத்தில் ஞாயிறு தோறும் கூடி வரைகிற ஒரு சின்னக் குழு இருக்கிறது. மொத்தம் எட்டுப் பேர். ஓய்வுபெற்ற டிராயிங் டீச்சர் ஒருவர் அதற்குத் தலைமை. என்னைத் தவிர மற்ற ஏழு பேரும் பாறையையும் சிங்கத்தையும் கடற்கரைக் கோயிலையும் அப்படியே எடுத்து தாளில் வைத்துவிடுவார்கள். நான் போட்ட சிங்கத்தைப் பார்த்து டீச்சர், "பூனை அழகா இருக்கு" என்றார். அன்றோடு கல்லை விட்டு மணலுக்கு வந்தேன். ஆற்றில் முகம் கிடையாது, யாரும் பூனை என்று சொல்ல முடியாது என்று ஒரு கணக்கு.

அந்தக் கணக்கும் தப்பு. வருடத்துக்கு ஒரு தடவை, மாசியில், குழு ஒரு லாட்ஜ் ஹாலில் படங்களைச் சுவரில் மாட்டும். ஆளுக்கு ஒரு படம். டீச்சர் சரி என்றால்தான் சுவர். முதல் வருடம் என் பாலாற்றைப் பார்த்து, "இது எந்த ஊரு ரோடு?" என்று கேட்டார். இரண்டாம் வருடம், "பிளேகிரவுண்டா?" மூன்றாம் வருடம் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். ரோடு, பிளேகிரவுண்டு எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட எனக்கு அந்த டீயைத்தான் பொறுக்க முடியவில்லை.

நான்காம் வருடம் சும்மா இருந்திருக்கலாம். கோவளத்தில் மனைவி வீட்டுக் காதுகுத்தில், சாப்பாடு முடிந்து எல்லோரும் பாயில் சாய்ந்திருந்தபோது, "இந்த வருஷம் நம்ம படம் சுவத்துல தொங்குது" என்று சொல்லிவிட்டேன். வாய்தானே, ஒரு கோடு போடவும் தெரியாது, அழிக்கவும் தெரியாது. என் மச்சினன், மனைவியின் தம்பி, எழுந்து உட்கார்ந்தான்.

"நெசமாவா மாமா? அப்ப வேன் வச்சிகினு வந்துடறோம். மொத்த ஜனமும் வருவோம்."

வண்டியில் வீடு திரும்பும்போது மனைவி பின்னாலிருந்து கேட்டாள். "ஏங்க, மாட்டுவாங்களா, இல்ல வாய்க்கு வந்தத சொன்னீங்களா?"

"மாட்டுவாங்க."

"மாட்டலன்னா நான் எங்க வூட்டுல எப்டி மூஞ்சி காட்றது?"

"மாட்டுவாங்கடி."

"என் தம்பி வேன்னு சொன்னா வேன் வந்துரும். பாத்துக்குங்க" என்றாள்.

ஆக ஒரே ஒரு ஆறு. பார்த்ததும் ஆறு என்று தெரிகிற ஒரு ஆறு. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

தண்ணீர் இருந்தால்தானே ஆறு என்று நம்புவார்கள் என்று, முதலில் சதுரங்கப்பட்டினத்துக்குப் போனேன். அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில்தான் பாலாறு கடலுக்கு வருகிறது. தண்ணீர் இருந்தது, வாஸ்தவம். கூடவே காற்றும் இருந்தது. உப்புக் காற்றில் தாள் நமுத்துப்போன அப்பளமாகிவிட்டது. மெல்லிய பென்சில் கீறியது, தடித்த பென்சில் வழுக்கியது. என் உள்ளங்கை வேர்வையோ தனியாக ஓர் ஆறு. வரைந்த அலையெல்லாம் முழங்கை வரை ஒட்டிக்கொண்டு என்னோடு வந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணாத்த, இன்னாத்த போட்டுகினுகீற?"

"ஆறு கடல்ல கலக்குறத."

"எங்க கலக்குது? மண்ணுதான் வாய அடச்சிகினுகீதே. மழைக்கு வா, அப்ப கலக்கும். இப்ப போட்டா அது பொய்யில்ல?"

எழுந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. முகத்துவாரம் மணலால் மூடிக் கிடந்தது. நானே கற்பனையில் கலக்கிவிட்டிருந்தேன். அந்தப் படத்தைச் சுருட்டுவதற்குள் காற்று பிடுங்கிக்கொண்டு போய் கடலில் போட்டது. எப்படியோ ஆறு கடலில் சேர்ந்தது. இரண்டு ஞாயிறு வீண்.

மூன்றாவது ஞாயிறு, பாலத்தைத் தாண்டி படாளம் பக்கம் ஒரு மண் வழியில் வண்டியைத் திருப்பினேன். தர்பூசணிக் கொடிகளுக்கு நடுவே போய்க் கரையில் இறங்கினால், அங்கே கிடைத்தது. அகலமாக மணல். நடுவில் ஒரு வேட்டி அகலத்துக்குக் கடைசித் தண்ணீர். ஓரத்தில் ஒற்றைப் பனை. பனைக்குக் கீழே, கரையை ஒட்டி, ஒரு மோட்டார் ரூம். தகரக் கூரை, கறுத்த கதவு, ஒரு பூட்டு. அந்தக் கறுப்புக் கதவை முதலில் போட்டதும் சுற்றியிருந்த வெள்ளைத் தாள் மொத்தமும் சட்டென்று மணலாகிவிட்டது. அதன் தலைகீழ் நிழலைக் கீழே நாலு கோட்டில் இழுத்தேன், தண்ணீர் வந்துவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை, அந்த ரூம் செய்தது. அது இல்லாவிட்டால் அதுவும் ரோடுதான்.

சந்தோஷத்தில் என் கை பழக்க தோஷத்தைக் காட்டியது. ஆபீசில் எந்தத் தாளானாலும் முதலில் மேல் மூலையில் வடக்கு அம்புக்குறி போட வேண்டும், வருகிறவர்கள் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்த பிறகுதான் நாற்காலியில் உட்காருவார்கள். இங்கேயும் போட்டுவிட்டேன். அதோடு, கையை நீட்டிப் பென்சிலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலால் அளவு பிடித்து, ஓரத்தில் குறித்தும் வைத்தேன்: ரூம் 1, பனை 3½, கரை 11. ரூமை ஒன்று என்று வைத்தால் பனை அதைப் போல் மூன்றரை மடங்கு, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

தலையில் துண்டு கட்டிய ஒருவர், என் வயதுதான் இருக்கும், தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போனார். நிலமும் அந்த மோட்டார் ரூமும் அவருடையது என்று அடுத்த வாரம் தெரிந்தது. அடுத்த வாரம் அவரே ஒரு தர்பூசணியோடு வந்தார். அறுத்து, பெரிய துண்டாக என் கையில் கொடுத்தார்.

"சாப்டுங்க சார். வெய்யிலு."

எனக்குக் கிடைத்த முதல் ரசிகர் என்று நினைத்தேன். மூன்று துண்டு சாப்பிட்டேன்.

"ஆபீசு எங்க சார்?"

"செங்கல்பட்டு."

"இன்னா ஆபீசு?"

"பிளான் ஆபீஸ்தான்."

நான் கொட்டை துப்புவதில் மும்முரமாக இருந்ததால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. போகும்போது இன்னொரு பழத்தை என் வண்டியில் கட்டிவிட்டார். வீட்டில் மனைவியிடம், "பாத்தியா, கலைஞனுக்கு மரியாதை" என்று வேறு சொன்னேன்.

அங்கே போன மூன்றாவது வாரம் படம் முடிகிற நிலையில் இருந்தது. கண்காட்சிக்கு இன்னும் ஏழே நாள். பனை ஓலையில் மட்டும் கொஞ்சம் வேலை. அன்று அவர் மனைவியோடு வந்தார். பழம் இல்லை.

"சார், ஒரு வார்த்த" என்றார் அவர். சொல்லிவிட்டு நிறுத்தினார். அந்த அம்மாதான் தொடர்ந்தார்.

"எங்க மோட்டார் ரூம மட்டும் வுட்டுடுங்க சார்."

"எதுக்கும்மா வுடணும்? அதுதானே நல்லா வந்திருக்கு."

"வெள்ளத்துல கர இந்தாண்ட வந்துச்சி சார். நாங்க ரூம நவுத்தல. ஆறுதான் நவுந்து வந்துச்சி. இப்ப ஆத்துப் பொறம்போக்குல கீதுன்னா நாங்க இன்னா பண்றது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வாரமாக நான் அவர்கள் நிலத்தை அளந்துகொண்டிருக்கிறேன்.

"அய்யோ, நான் சர்வே ஆள் இல்லீங்க. சும்மா பொழுதுபோக்குக்கு வரையறேன்."

"மூணு வாரமா? இந்த வெய்யில்லயா?" என்றார் அந்த அம்மா.

"ஆமா."

"யாரு வரையச் சொன்னாங்கோ?"

"யாரும் சொல்லல."

"அப்ப எதுக்கு சார் வரையறீங்க?"

இதே கேள்வியை என் மனைவி நாலு வருடமாகக் கேட்கிறாள்.

அவர் குனிந்து என் தாளின் ஓரத்தில் விரலை வைத்தார். "கர பதினொண்ணுன்னு போட்டுகீது. மரம் மூணர. ரூம் ஒண்ணு. எங்க ரூம் ஒரு அடிதான் வெளிய நீட்டிகினுகீதுன்னு எழுதிகீறீங்க. கரெக்டா எப்டி சார் கண்டுபுடிச்சீங்க?"

"அது அடி இல்லீங்க. பென்சில்."

"பென்சிலா?"

"இப்டிக் கைய நீட்டி, ஒரு கண்ண மூடி…" என்று பென்சிலை ரூமை நோக்கி நிறுத்திக் காட்டினேன். அந்த அம்மா விறுவிறுவென்று நடந்து போய் ரூமுக்கு முன்னால் நின்றுகொண்டார். நான் பென்சிலைக் கீழே இறக்கினேன்.

"வடக்கு எதுக்கு சார் போட்டுகீது?"

"பழக்கம்."

சொன்னதுமே என் காதுக்கே அது கையும் களவுமாகப் பிடிபட்டவன் குரல் மாதிரி இருந்தது. என்ன செய்ய, எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். "என் பொஞ்சாதியக் கேளுங்க, நான் போட்ட ஆத்தப் பாத்து எல்லாரும் ரோடுன்றாங்க. இதுல உங்க ரூமா தெரியப்போவுது?"

அவர் சிரிக்கவில்லை. "தெரீது சார். அச்சு அசலா கீது. பூட்டுகூட தெரீது."

நாலு வருடத்தில் என் படத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு. அது வருகிற நேரமா இது?

"பக்கத்து ஊர்ல இப்டித்தான் சார் ஒருத்தரு வந்தாரு. எடம் அழகா கீது, அழகா கீதுன்னாரு, போட்டோ புட்ச்சாரு. அப்பால நோட்டீசு வந்துச்சி. நீங்க வந்ததுலேர்ந்து இவ சரியா சோறு துன்றதில்ல."

அந்த அம்மா ரூமுக்கு முன்னாலிருந்து நகரவே இல்லை. நான் உட்கார்ந்து யோசித்தேன். யோசித்தேன் என்றால், வேனை யோசித்தேன். மச்சினனை, டீச்சரை, அந்த டீயை. இந்தப் புருஷன் பெண்சாதியை அப்படியே விட்டுவிட்டு படத்தோடு எழுந்து போனால் யார் என்னை என்ன கேட்பார்கள்? படம் என்னுடையது. நோட்டீஸ் எதுவும் வரப்போவதில்லை, அது எனக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது, நான் எவ்வளவு சொன்னாலும் தெரியப்போவதும் இல்லை. நான் போன பிறகு அந்த அம்மா ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் வெளியே வந்து பார்ப்பார்.

"சரி, அழிச்சிடறேன்" என்றேன்.

அழிப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமே என்று போனை வெளியே எடுத்தேன். இருவரும் போனைப் பார்த்தார்கள். உள்ளே வைத்துவிட்டேன்.

ரப்பரை எடுத்து முதலில் பூட்டை அழித்தேன். பிறகு கதவு, தகரம், தண்ணீரில் இருந்த நிழல். கடைசியில் வடக்கையும் அழித்தேன். என் கை அழுத்தமான கை. பிளான் போட்டே பழகியது. பென்சில் போனாலும் பள்ளம் போகாது. அவர் தாளை வாங்கி வெயிலில் சாய்த்துப் பிடித்தார்.

"இன்னும் தெரீது சார்."

மறுபடி தேய்த்தேன். தாள் நார் நாராக வந்தது. மறுபடி சாய்த்தார். "லேசா தெரீது." ஆற்றையே வரைந்து முடிக்க எனக்கு இவ்வளவு சிரமம் இருந்ததில்லை.

"இந்தாங்க. இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று கொடுத்துவிட்டேன். அவர் வாங்கி, பட்டாவை மடிப்பது மாதிரி, பனை மரத்தின் மேலேயே முதல் மடிப்பை வைத்து, நகத்தால் நீவி, மறுபடி மடித்து, நாலாக்கி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஆபீசுல காப்பி எதுனா கீதா சார்?"

"இல்லீங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

அப்புறம்தான் மனிதர் ஆளே மாறினார். தோளில் கை வைத்துவிட்டார். "சார், கோச்சிக்காதீங்க. வேற தாளு கீதில்ல? இப்டி திரும்பி ஒக்காந்துக்குங்க. அந்தாண்ட தென்னந்தோப்பு கீது பாருங்க, அது எங்க பங்காளிது. ஆறு நவுரவே இல்ல, அவனேதான் பத்தடி உள்ள வந்துகீறான். அத்த நல்லா அளந்து போடுங்க. அந்த அம்புக்குறிய பெருசா போடுங்க சார்!"

"யோவ், சும்மா இரு" என்று அவர் மனைவி அதட்டினார். அன்று முதல் முறையாக அந்த அம்மா ரூமை விட்டு இந்தப் பக்கம் வந்தார். நான் ஸ்டூலை மடித்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவி முழுதாகக் கேட்டாள். "குடுத்தது நல்லதுதான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வேன் பேசிட்டாங்க" என்றாள்.

அந்த ஒரு வாரமும் ஆபீஸ் விட்டு வந்து வேறு ஒன்று போட்டுப் பார்த்தேன். வெறும் மணலும் பனையும். டீச்சர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகவே வெட்கமாக இருந்தது, போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவளத்திலிருந்து வேன் லாட்ஜ் வாசலுக்கே வந்தது. பதினான்கு பேர் இறங்கினார்கள், மூன்று பேர் பட்டுப்புடவையில். ஹாலுக்குள் போய்ச் சிங்கத்தையும் யானையையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, என் மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாமே பிரமாதம் மாப்ள. இவ்ளோ வரைவீங்கன்னு தெரியாது."

"இதெல்லாம் என்னுது இல்ல மாமா."

"அப்ப உங்களுது எது?" என்றான் மச்சினன்.

"படாளத்துல ஒருத்தர் சட்டைப்பையில இருக்கு."

அப்படியே நடந்ததைச் சொன்னேன். தர்பூசணி, வடக்கு, பென்சில், ரப்பர், பங்காளி, ஒன்றைக்கூட விடவில்லை. ஜோடித்தும் சொல்லவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "மாமாவுக்கு எங்கேர்ந்துதான் இந்த மாதிரி கத வருதோ!" என்றான் மச்சினன். மனைவி மட்டும் சிரிக்காமல் எதிரே இருந்த யானையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு தடவை, "இல்ல, நெசமாதான்" என்றேன். அதற்கு இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

ஆபீசில் காப்பி இல்லை என்று சத்தியம் செய்தேனே, அதைக் காப்பாற்றுவதுதான் இப்போது பெரும்பாடு. போன வாரம் ஆபீசுக்கு ஒரு தம்பதி வந்தார்கள். வாசல் கிழக்கா வடக்கா என்று இருவருக்கும் சண்டை. அவர்கள் முடிக்கட்டும் என்று எதிரே காத்திருந்தேன். கை பாட்டுக்குத் தாளின் ஓரத்தில் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது. அந்த ஆள் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, கார் ஷெட்டா? நாங்க கேக்கவே இல்லியே?"

குனிந்து பார்த்தேன். தகரக் கூரை, கறுத்த கதவு, பூட்டு. "இல்லீங்க, உங்களுது இல்ல" என்று அழித்தேன். தாளைச் சாய்த்துப் பார்த்தேன். கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்து, "சொல்லுங்க, வாசல் எந்தப் பக்கம்?" என்றேன்.